பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு



ஓய்வுபெற்ற மொழியியலாளன் ஒருவனை அழைத்தால் அவன் ழகரத்தைப் பற்றியோ சந்தியைப் பற்றியோ பேசுவான் என்று எண்ணி நீங்கள் வந்திருக்கக்கூடும். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியது. உங்களுள் பெரும்பாலோர் அதைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ கொண்டுவந்தும் இருக்கிறீர்கள். அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயருக்கும் தந்தையார் பெயருக்கும் நடுவில், ஆடவராயின் 'ஏ/எல்' என்றும் மகளிராயின் 'ஏ/பி' என்றும் இருக்கும். அந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையே சாய்ந்து நிற்கும் கோட்டைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு கோட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பதிவேடு, படிவம், கணினி, சேமிப்பு, நன்கொடை ஆகிய எல்லா இடங்களிலும் அந்தக் கோடு நமக்கு முன்னே போய் நிற்கிறது. சில இடங்களில் வழிவிடுகிறது. சில இடங்களில் வழியை மறிக்கிறது. அது எங்கிருந்து வந்தது, அதில் நம்முடையது எவ்வளவு, வெறும் எழுத்தர் வழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

கோடு வந்த வழி

'ஏ/எல்' என்பது 'அனாக் லெலாக்கி' என்னும் மலாய்த் தொடரின் சுருக்கம். மகன் என்று பொருள். 'ஏ/பி' என்பது 'அனாக் பெரம்புவான்', மகள். அதற்கு முன்பு ஆங்கிலேயர் காலத்துத் தாள்களில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்ற சுருக்கங்கள் இருந்தன. 'இன்னாருடைய மகன்', 'இன்னாருடைய மகள்' என்பதன் ஆங்கிலக் குறுக்கம் அது. சிங்கப்பூரில் இன்றும் அந்தப் பழைய ஆங்கிலச் சுருக்கமே வழங்குகிறது. இங்கே அது மலாய்க்கு மாறியது. சொல் மாறியபோதும் கோடு மாறவில்லை.

தோட்டத்தில் செக்ரோல் எழுதிய கிராணிமாரை நினைத்துப் பாருங்கள். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகளும் ஐந்து மாரியாயிகளும் இருப்பார்கள். ஆளைப் பிரித்தறிய வேண்டும். எழுத இடமோ குறைவு. தந்தை பெயரைச் சேர்த்து, நடுவில் உறவைக் குறிக்க ஒரு சுருக்கமும் கோடும் இட்டால் வேலை முடிந்தது. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் 'த/பெ', 'க/பெ' என்று எழுதுவதும் இதே எழுத்தர் சிக்கனந்தான். பேனா பிடித்தவனின் கைக்கு ஓய்வு தருவதற்காகப் பிறந்த கோடு அது. அதைப் பெயரின் உறுப்பாக எவரும் எண்ணிச் செய்யவில்லை.

1948ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வழங்கும் பதிவு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளர் பல்லாயிரவர் பெயர்கள் அரசின் அட்டையில் ஏறியது அப்போதுதான். ஏட்டில் இருந்த சுருக்கம் அட்டைக்கு வந்தது. 1990இல் 12 இலக்க எண் வந்தது. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் சில்லு பொருத்திய 'மைகாட்' வந்தது. அட்டையின் தாள் மாறியது, நிறம் மாறியது, உள்ளே மின்னணுவும் புகுந்தது. கிராணியின் கோடு மட்டும் ஒவ்வொரு மாற்றத்தையும் தாண்டி வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும். மலாக்காவில் பிறந்தவர்க்கு 04 என்று இருக்கும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். அட்டையின் முகத்தில் 'லெலாக்கி' என்றோ 'பெரம்புவான்' என்றோ தனியாகவும் அச்சிட்டிருக்கிறது. ஆகவே நாம் ஆணா பெண்ணா என்பதை எண் ஒருமுறை சொல்கிறது, அட்டை ஒருமுறை சொல்கிறது, பெயரும் ஒருமுறை சொல்கிறது. ஒரே செய்தியை மும்முறை சொல்லும் அட்டை அது.

நம் அட்டையைக் குறைகூற வந்தேன் என்று எண்ண வேண்டாம். அதில் ஒரு நல்ல அமைப்பு இருக்கிறது. மலேசிய அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் பெயருக்கு ஒரே இடந்தான் உண்டு. 'குடும்பப்பெயர்', 'இயற்பெயர்' என்று இரண்டு கட்டங்கள் இல்லை. தந்தை பெயரைப் பின்னால் வைக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும், குடும்பப்பெயரை முன்னால் வைக்கும் சீனருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமாயின் அதுவே சரியான ஏற்பாடு. பல இனத்தார் வாழும் நாடு தன் பட்டறிவால் கண்ட வடிவம் அது. நம் பெயர் அந்த ஒற்றைக் கட்டத்தை விட்டு வெளியே பயணம் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இயந்திரம் படிக்கும் விதம்

மனிதன் சாய்கோட்டைப் பார்த்தால் அதைத் தாண்டிப் படிக்கிறான். கணினிக்கோ அது ஒரு கட்டளை. கோப்புகளை அடுக்கும் முறையில், ஓர் அடைவு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அக்கோடு அடையாளம். விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயருக்குள் சாய்கோடு இடவே முடியாது. இணைய முகவரியிலும் அது பிரிக்கும் குறியே. ஒரு மாணவியின் முழுப்பெயரை அப்படியே கோப்புக்குப் பெயராக இட முயன்ற ஆசிரியர் எவரும் இதை அறிந்திருப்பார். தன் மாணவியின் பெயர் ஏன் ஏற்கப்படவில்லை என்று அவருக்கு விளங்காமலும் போயிருக்கலாம்.

விமானப் பயணப் பதிவில் இது இன்னும் சிக்கலாகிறது. அங்கே குடும்பப்பெயரை முதலில் எழுதி, ஒரு சாய்கோடு இட்டு, அதன்பின் இயற்பெயரை எழுதுவது உலக வழக்கு. அதாவது அந்தக் கட்டமைப்பில் சாய்கோட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. நம் பெயரில் இன்னொரு சாய்கோடு இருந்தால் எது எதைப் பிரிக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே பயணச்சீட்டில் கோட்டை விட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் உள்ளன. வரிக்கு 44 இடங்கள். அவற்றில் ரோமன் எழுத்து 26, இலக்கம் 10, இடம் நிரப்பும் கூர்முனைக் குறி ஒன்று, இவற்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. உலகம் ஒத்துக்கொண்ட அந்த 37 குறிகளுள் நம் கோடு சேரவில்லை.

கோட்டை நீக்கியபின் எஞ்சும் 'ஏ'யும் 'எல்'லும் சேர்ந்துகொள்கின்றன. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் என்னைத் 'திருவாளர் அல்' என்று அழைத்தார். அரபு நாட்டவன் என்று எண்ணிவிட்டார்போலும். அடுத்த நாள் வேறொருவர் என் தந்தையார் பெயரைச் சொல்லி அழைத்தார். முதலாவதற்குச் சிரித்தேன். இரண்டாவதற்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பால்மரம் சீவிய என் தந்தை கடல்தாண்டிப் போனவரல்லர். அவர் பெயர் அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கியில் ஒலித்தது. இப்படியும் ஒரு பேறு என்று எழுந்து சென்றேன்.

ஆயினும் எல்லார்க்கும் எப்போதும் இது வேடிக்கையாக முடிவதில்லை. இரண்டு கட்டப் படிவத்தில் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக இட்டால், பாட்டன், தந்தை, பேரன் மூவரும் கணினியின் கண்ணுக்கு மூன்று வேறு குடும்பத்தார். தாயின் பெயருக்குப் பின்னால் அவள் தந்தையின் பெயர். குழந்தையின் பெயருக்குப் பின்னால் அதன் தந்தையின் பெயர். அயல்நாட்டு எல்லையில் நிற்கும் அதிகாரி, 'இது உன் குழந்தைதானா?' என்று கேட்கிறார். பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோகாத தாய் என்ன செய்வாள்?

நம் நாட்டிலேயே மற்றவர்களைப் பாருங்கள். மலாய்க்காரர் பெயரில் வரும் 'பின்', 'பிந்தி' என்பனவும் மகன், மகள் என்னும் பொருளுடைய அரபுச் சொற்களே. சரவாக்கின் ஈபான் மக்கள் பெயரில் 'அனாக்' என்ற சொல் முழுதாக நிற்கிறது. தந்தையால் பிள்ளையை அறியும் முறை அவர்களுக்கும் நமக்கும் பொது. அவர்கள் பெயரில் உறவைச் சொல் சொல்கிறது. நம் பெயரில் சுருக்கமும் கோடும் சொல்கின்றன. கணினி சொல்லை ஏற்கிறது. கோட்டை ஏற்க மறுக்கிறது. ஆகவே தந்தை பெயரால் வரும் தொல்லை வேறு, கோட்டால் வரும் தொல்லை வேறு. இரண்டையும் கலந்து, 'தமிழன் பெயர்முறையே இக்காலத்துக்கு உதவாது' என்று சொல்வோர் நம்மிடையே பெருகிவிட்டனர். அவர்களுக்கு விடைசொல்ல நம் இலக்கணத்துக்குப் போக வேண்டும்.

இலக்கணம் செய்து வைத்த ஏற்பாடு

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புள்ளிமயங்கியல் என்று ஓர் இயல் உண்டு. தந்தை பெயரும் மகன் பெயரும் சேரும்போது ஒலி எவ்வாறு மாறும் என்று அங்கே விதி செய்யப்பட்டிருக்கிறது. முன்னிற்கும் தந்தை பெயரின் 'அன்' ஈறு கெடும். அவ்விடத்தில் 'அம்' என்னும் சாரியை வரும். உரையாசிரியர்கள் 'சாத்தங்கொற்றன்', 'கொற்றங்கொற்றன்' என்று எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன். கொற்றனுக்கு மகனாகிய கொற்றன் கொற்றங்கொற்றன். தோட்டத்துக் கிராணி கோடு போட்டுத் தீர்த்த அதே சிக்கலைத் தமிழ் ஒரு மெல்லோசையால் தீர்த்து வைத்திருந்தது. 'மகன்' என்ற சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

சங்கப் புலவர் பெயர்களில் இந்த முறை உயிரோடு இருப்பதைக் காணலாம். கண்ணங்கொற்றனார் என்றால் கண்ணன் மகன் கொற்றன். குறுந்தொகைப் புலவருள் ஒருவர் மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதன். மதுரை ஊர், எழுத்தாளன் தொழில், சேந்தன் தந்தை, பூதன் அவர் பெயர். இன்றைய படிவம் நான்கு கட்டங்களில் கேட்பதை அந்தப் பெயர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

இங்கே சொல் வரிசையையும் கவனிக்க வேண்டும். தமிழில் உடையவர் முன், உடைமை பின். 'முத்துவின் வீடு' என்பதுபோலவே 'முத்துவின் மகன் இராமன்'. தந்தை முன்னே வருவார், பிள்ளை பின்னே வரும். மலாயில் இது நேர்மாறு. 'இராமன், மகன், முத்து' என்று போகும். நம் அட்டைப் பெயர் மலாய் வாக்கிய முறையில் அமைந்திருக்கிறது. 'மு. இராமன்' என்று முன்னெழுத்து இட்டு எழுதும் பெயரோ தமிழ் வாக்கிய முறையைக் காக்கிறது. தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில், பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டதன் பின்னணியில் இந்த உணர்வும் இருக்கிறது. ஒரே தமிழரிடம் இரண்டு பெயர்கள் உள்ளன: அட்டையில் இருப்பது மலாய் இலக்கணப்படி, திருமண அழைப்பிதழில் இருப்பது தமிழ் இலக்கணப்படி. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. எது எந்த மொழியின் இலக்கணம் என்று தெரிந்திருந்தால் போதும்.

தந்தை பெயர் முறையை விட்டுவிட்டு நிலையான குடும்பப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. விடை நம் மலாக்காவிலேயே இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டி மக்கள் நமக்கெல்லாம் பல தலைமுறை முன்னதாக இங்கு வந்தவர்கள். பேச்சு மலாய் வழிப்பட்டதாகிவிட்டது. வழிபாடும் சில பெயர்களும் தமிழாக நிற்கின்றன. அவர்கள் பெயரின் இறுதியில் பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி, ராஜா என்பன குடும்பப்பெயர்களாகத் தங்கியிருக்கின்றன. அவர்கள் வரலாறு வேறு. அவர்களிடையே அப்பெயர்கள் குலப் பெருமிதமாக வழங்கவில்லை. நாம் இன்று புதிதாக ஒரு குடும்பப்பெயரைத் தேடினால் நம் கை எதை எட்டிப் பிடிக்கும்? பெரும்பாலும் சாதிப்பட்டத்தைத்தான். தந்தை பெயர் முறை ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவதை அதன் குறை என்கிறார்கள். எனக்கு அதுவே அதன் சிறப்பாகத் தோன்றுகிறது. அதில் சாதி ஏறிப் பயணம் செய்ய இடமில்லை.

மகளிர்க்கும் இதில் ஓர் உரிமை கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருமணமானபின் பெண்ணின் முன்னெழுத்துக் கணவன் பெயருக்கு மாறுவது பரவலான வழக்கம். இங்கே தோட்டத்துப் பெண் பிறந்தபோது பெற்ற பெயரோடும் தந்தையின் பெயரோடும் இறுதிவரை இருக்கிறாள். கோட்டை எதிர்க்கும் நான் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன்.

மூன்று தாள்கள்

இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் தந்தையார் இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது காலமானார். அவர் பெயரில் ஓரிடத்தில் சேமிப்பு இருந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் வெள்ளி. எங்களுக்கு அது பெருந்தொகை. அதைப் பெற அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முகப்பில் இருந்தவர் தாள்களைப் பார்த்தார். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் 'ஒய்' எழுத்தில் முடிந்தது. சேமிப்பேட்டில் 'ஐ' எழுத்தில் முடிந்தது. திருமணப் பதிவில் நடுவே இருந்த ஓர் 'என்' காணவில்லை. 'இவர்கள் மூன்று பேரா, ஒருவரா?' என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை; தாள்படி அவர் கேட்டது நியாயமே.

அம்மாவின் பெயரும் அதற்கு இளைத்ததன்று. இலட்சுமி என்னும் பெயரை நம் நாட்டில் எத்தனை வகையாக ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'எல், ஏ' என்று தொடங்கலாம். 'எல், ஈ' என்று தொடங்கலாம். நடுவே 'கே, எஸ்' வரலாம். 'டி, சி, எச்' வரலாம். இறுதியில் 'ஐ' வரலாம், 'ஒய்' வரலாம், இரட்டை 'ஈ'யும் வரலாம். பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்தவர்கள் காதால் கேட்டதைக் கையால் எழுதினார்கள். மொழியியலாளனாக நான் அதில் ஒரு செல்வத்தையும் காண்கிறேன். 'லெட்சுமி' என்று 'ஈ' எழுத்தில் எழுதிய கிராணி, தோட்டத்தார் அந்தச் சொல்லை எப்படி ஒலித்தார்கள் என்பதை நமக்குப் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அன்று அந்த முகப்பில் எனக்கு மொழியியல் நினைவுக்கு வரவில்லை.

அம்மா ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் செய்து கைநாட்டு வைத்தார். மூன்று பெயரும் தம் கணவர் ஒருவருடையவையே என்பது அதன் சாரம். பதினான்கு மாதங்களில் பணம் வந்தது. எங்களிடம் படித்த பிள்ளை ஒருவன் இருந்தான், அலைய முடிந்தது. அப்படி ஒருவன் இல்லாத வீடுகளில் என்ன நடந்திருக்கும்? இந்நாட்டில் கோரப்படாத பணத்தை அரசிடம் ஒப்படைக்க 1965ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு; உரியவர் வந்து கேட்டால் பெறலாம். கேட்பதற்கு, தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குப் பெயர் பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறியதால் ஒரு குடும்பம் தன் உழைப்பைத் தானே கேட்கத் துணியாமல் திரும்பிவிடுமாயின், அதை எழுத்துப்பிழை என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை.

கொடுப்போர் பெயர்

பணம் வந்ததும் அம்மா செய்த முதல் செலவு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு. அதில் அப்பா பெயரை எழுத வேண்டும். குழல் விளக்கில் உபயக்காரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பது நம்மவர் வழக்கம் என்று கேலி பேசுவோம், நானும் பேசினேன். அம்மா கேட்கவில்லை. பெயிண்டரிடம் தாள் எதையும் காட்டவில்லை. தாத்தா பெயரைச் சொல்லி, 'மகன்' என்று சொல்லி, அப்பா பெயரைச் சொன்னார். அவர் தமிழில் அப்படியே எழுதினார். கோடு இல்லை, சுருக்கம் இல்லை. மூன்று தாள்களில் மூவராக இருந்த மனிதர் அந்த விளக்கில் ஒருவரானார்.

பல ஆண்டுகளுக்குப்பின் தமிழ்நாட்டில் கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டான் மலையில் தமிழி எழுத்துக் கல்வெட்டின் முன் நின்றேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வெட்டியது. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு உறையுள் அமைத்துத் தந்த கொடையை அது சொல்கிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது அளித்தது. கல்லில் ஆதன் செல்லிரும்பொறை என்னும் அரசன் பெயர் முதலில் வருகிறது, பிறகு 'மகன்' என்ற சொல், பிறகு பெருங்கடுங்கோன், மீண்டும் 'மகன்', அதன்பின் இளங்கடுங்கோ. பாட்டன், தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறை; நடுவே இரண்டு முறை ஒரே சொல். சேர மன்னர் கல்லில் வெட்டுவித்த வரிசையும், எழுதப் படிக்கத் தெரியாத என் தாய் பெயிண்டரிடம் சொன்ன வரிசையும் ஒன்றே என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. தமிழ் தெரிந்தது, அது போதுமானதாயிருந்தது.

அழகர்மலைக் குகைக்குப் போனால் உப்பு வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் முதலியோர் பெயர்கள் கொடையாளர்களாக நிற்கின்றன. கொழு என்பது ஏர்முனை இரும்பு. அரசர் மட்டுமன்றி உப்பு விற்றவரும் தம் பெயரைத் தாம் சொன்னபடியே கல்லில் விட்டுச் சென்றனர். இந்த மலாக்கா நகரில் பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் எழுந்தது. அதை எழுப்பிய செட்டித் தலைவரின் பெயரை ஆலயம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் துண்டாடலை எதிர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினர். முன்னது கொடை, பின்னது கூட்டுறவு. இரண்டிலும் சிறிய மனிதர் தம் பெயரைத் தாமே முன்வந்து கொடுத்தனர்.

அரசோ முதலாளியோ நம்மைப் பதியும்போது வேறொருவர் நம் பெயரை எழுதுகிறார். நாம் ஒன்றைக் கொடுக்கும்போது நம் பெயரை நாம் சொல்லி எழுதச் செய்கிறோம். தமிழர் பெயர் எப்படி ஒலித்தது என்பதற்குப் பதிவேடுகளைவிடக் கொடைப் பட்டியல்கள் நம்பத்தக்க சான்றாக இருப்பது இதனால்தான். இப்போது அதிலும் மாற்றம் தொடங்கிவிட்டது. வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் வரிக்கழிவு உண்டு. அதைக் கோருவோர் ரசீதில் அட்டைப் பெயரையும் எண்ணையும் எழுதச் சொல்கிறார்கள். நியாயந்தான். அதனால் கொடைப் பட்டியலுக்குள்ளும் கோடு நுழைகிறது. நம் பெயர் நாம் சொன்னபடி நிற்கும் இடங்கள் குறைந்துவருகின்றன.

இனிச் செய்யத்தக்கவை

ஆகவே என் வேண்டுகோள்கள் ஐந்து.

முதலாவது, பெற்றோர்க்கு. குழந்தையின் பிறப்பைப் பதியப் போகுமுன் தந்தை, தாய் இருவர் அட்டைகளையும் பார்த்து, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள், காட்டுங்கள். கையெழுத்திடுமுன் ஒவ்வோர் எழுத்தையும் விரல்வைத்துப் படியுங்கள்.

இரண்டாவது, கோட்டைப் பற்றி. இடையில் சுருக்கமோ கோடோ இல்லாமல் தந்தை பெயர் மட்டும் தொடரும் பெயர்கள் நம்மிடையே உள்ளன. அவர்களுடைய தந்தைப் பற்றுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. கோடு நம் அடையாளம் என்று அஞ்ச வேண்டாம். இந்நாட்டுச் சயாமிய வம்சாவளியினர் பெயர்களிலும் அதே சுருக்கம் உண்டு. பதிவு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்து, எண்ணி முடிவு செய்யுங்கள். வழக்கம் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பிள்ளையின் பெயரில் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, வீட்டில் முதியவர் இருப்போர்க்கு. அவர்கள் அட்டை, திருமணப் பத்திரம், வங்கியேடு, கூட்டுறவுப் பங்குச் சான்று அனைத்தையும் இந்த வாரமே ஒரு மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள். மாறுபாடு இருந்தால், 'அது நான்தான்' என்று சொல்ல அவர் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான்காவது, மென்பொருள் செய்யும் நம் இளைஞர்க்கு. பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். குடும்பப்பெயர் கட்டாயம் என்று வைக்காதீர்கள். நாட்டின் அடையாள அட்டையில் உள்ள ஒரு குறியைத் 'தவறான எழுத்து' என்று சிவப்பில் காட்டாதீர்கள். தவறு உங்கள் படிவத்தில் இருக்கிறது.

ஐந்தாவது, ஆலய நிருவாகங்களுக்கும் சங்கங்களுக்கும். உறுப்பினர் ஏட்டிலும் நன்கொடை ஏட்டிலும் இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் அட்டைப் பெயர். மற்றொன்றில் அவர் தமிழில் சொல்லும் பெயர். முதலாவது தணிக்கைக்கு வேண்டும். இரண்டாவது அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும். தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன, லயங்கள் இல்லாமற் போகின்றன. நூறாண்டுகளுக்குப் பின் இந்தக் கரையில் எந்தத் தமிழர் எந்தப் பெயரோடு வாழ்ந்தார் என்று தேடுவோர்க்கு உங்கள் ரசீதுப் புத்தகம் கல்வெட்டாக இருக்கும்.

அம்மா கொடுத்த குழல் ஓராண்டுக்குள் அணைந்துபோயிற்று. சட்டத்தில் எழுதிய பெயர் கோயில் இடம் மாறும்வரை இருந்தது. அதன்பின் எங்கே போயிற்றென்று கேட்டு அறிய முடியவில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் பெற்றோர், பாட்டன், பாட்டி பெயர்களை, அவர்கள் சொல்வதுபோலவே, தமிழில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். நடுவே கோடு வேண்டாம்.